எம்.ஐ.எஸ். படிக்கப் பால் சொசைட்டிக்குப் போங்கள்

பி.காம்., பி.பி.ஏ. படிக்கிற பிள்ளைகளுக்கு இப்போது எம்.ஐ.எஸ். என்று ஒரு பாடம் இருக்கிறது. மேனேஜ்மெண்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம். தமிழில் மேலாண்மைத் தகவல் அமைப்பு என்கிறார்கள். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு நிறுவனத்தில் தினமும் நடக்கிற வரவு, செலவு, சரக்குக் கணக்கையெல்லாம் சேர்த்து, பொறுப்பில் இருப்பவர் முடிவெடுக்கத் தோதாக, வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில் கொடுப்பதுதான் விஷயம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே நாம் செய்த வேலைதான். வங்கியில் வெள்ளிக்கிழமை ஸ்டேட்மென்ட் போட்டவர்களும், மின்வாரியத்தில் ரீடிங் எடுத்தவர்களும், ஜமாபந்திக்குக் கணக்கு எழுதியவர்களும் இந்தப் பாடத்தைப் படிக்காமலே பாஸ் செய்தவர்கள்.

இதையெல்லாம் டிகிரியிலேயே படிக்க வேண்டுமா, எம்.பி.ஏ.வில் படித்தால் போதாதா என்று காலை நடையில் நண்பர்கள் கேட்கிறார்கள். டிகிரியிலேயே படிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் இப்போது படிக்கிற மாதிரி அல்ல.

எதிர்வீட்டுப் பெண் பி.பி.ஏ. இரண்டாம் வருடம். அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். டேட்டாவுக்கும் இன்ஃபர்மேஷனுக்கும் என்ன வித்தியாசம், 5 மார்க். அப்புறம் ஒரு முக்கோணம். அடியில் அன்றாட நடவடிக்கை, நடுவில் நடுமட்ட மேலாளர், உச்சியில் தலைமை. 10 மார்க். ஸ்கேல் வைத்து அழகாகப் போட்டிருந்தாள்.

"இந்த முக்கோணத்துக்கு அடியில உட்கார்ந்திருக்கிறது யாரும்மா?" என்று கேட்டேன்.

"தெரியல தாத்தா. சார் அப்படித்தான் போர்டுல போட்டார்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. 19 வயசு. ஓர் ஆபீஸில் ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்த்தவள் இல்லை. நீச்சலைக் கரும்பலகையில் சொல்லிக் கொடுத்தால் அவள்தான் என்ன செய்வாள்?

அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். ரிசர்வ் வங்கி 1972இல் பி.எஸ்.ஆர். என்று ஒரு ரிட்டர்னைக் கொண்டுவந்தது. பேசிக் ஸ்டாடிஸ்டிகல் ரிட்டர்ன். கடன் வாங்கியவர் என்ன தொழில் செய்கிறார் என்பதற்கு ஒரு கோடு எண், கடனின் வகைக்கு ஒன்று, இப்படிக் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். நாட்டில் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கடன் போகிறது என்பதைப் பார்ப்பதற்கு அது ஆதாரம். நான் வேலை பார்த்த ஒரு கிளையில் எனக்கு முன்பு அந்த சீட்டில் இருந்தவர், போன வருடத்துக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்து எழுதுவார். அரிசி மில்லை மூடிவிட்டு லாரி வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் எங்கள் ரிட்டர்னில் மட்டும் வருடக்கணக்காக நெல் அரைத்துக்கொண்டிருந்தார்! மேலே போகப் போக அந்த எண் மற்ற எண்களோடு கூடிக் கலந்து ஓர் அட்டவணையாகிவிடும். அட்டவணையைப் பார்ப்பவருக்கு அந்த மில் மூடிய சங்கதி எப்படித் தெரியும்?

இந்த ஒன்றைத்தான் எம்.ஐ.எஸ். பாடம் முதலில் சொல்லித்தர வேண்டும் என்கிறேன். ஓர் எண்ணைப் பார்த்தால் அது எங்கே பிறந்தது, யார் எழுதினார், எழுதிய பிறகு அதை மாற்ற யாரால் முடியும், அதை வைத்து யார் என்ன செய்யப் போகிறார் என்று கேட்கத் தெரிய வேண்டும். இது என் சொந்தச் சரக்கும் இல்லை. ரஸ்ஸல் ஏகாஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1967இல் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே குறும்பு: மேனேஜ்மெண்ட் மிஸ்இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ். மேலாளர்கள் தவிப்பது தகவல் கிடைக்காமல் அல்ல, வேண்டாத தகவல் வந்து குவிவதால்தான் என்றார். கம்ப்யூட்டர் அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று மேலாளருக்குத் தெரியவேண்டியதில்லை, உபயோகிக்கத் தெரிந்தால் போதும் என்ற எண்ணத்தையும் அதில் ஒரு பிடி பிடித்தார்.

அந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்து தபால் துறையைப் பார்க்க வேண்டும். அங்கே ஊர்க் கடைகளில் தபால் அலுவலகம் நடத்தும் சப்-போஸ்ட்மாஸ்டர்களுக்கு 1999 முதல் ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் கணக்கு வந்தது. புஜித்ஸு நிறுவனத்தின் சாஃப்ட்வேர். சாயங்காலம் கணக்கு முடித்தால் பணம் குறைகிறது என்று காட்டும். பெட்டியில் எண்ணினால் வேறு கதை. குறைந்த பணத்தை அவர்களே கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். கைப்பணத்தைப் போட்டார்கள், கடன் வாங்கினார்கள், வீட்டை இழந்தவர்களும் உண்டு. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் ஜெயிலுக்குப் போனார்கள், சிலர் உயிரை விட்டார்கள். ஆலன் பேட்ஸ் என்பவர் முன்னின்று 555 பேர் வழக்குப் போட்டு, அந்த சாஃப்ட்வேரின் பிழைகளால் கணக்கில் இப்படிக் குறை விழ முடியும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2019 டிசம்பரில். தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இதைப் படித்தால் வயிறு கலங்கும். கேஷ் டேலி ஆகாத ராத்திரிகளை நான் பார்த்திருக்கிறேன். நம் காலத்தில் வவுச்சரையும் ஸ்க்ரோலையும் டே புக்கையும் ஒவ்வொன்றாக டிக் அடித்துத் தேடலாம். 36 ரூபாய் 63 ஆகியிருப்பது எப்படியும் கண்ணில் படும். அந்த சப்-போஸ்ட்மாஸ்டர்களுக்குத் தேடிப் பார்க்க வழியே இல்லை. திரை சொல்வதுதான் கணக்கு. மேலே இருந்தவர்கள் படிக்காதவர்களா? நன்றாகப் படித்தவர்கள். ஊர் ஊராக ஒரே மாதிரி நாணயமான ஆட்கள் திடீரென்று திருடர்களாகிறார்களே, மெஷினைக் கொஞ்சம் பார்ப்போம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

இதற்கெல்லாம் பெரிய லேப் வேண்டாம். கல்லூரிக்குப் பக்கத்து ஊரில் பால் சொசைட்டி இருக்கும். பிள்ளைகளை ஒரு வாரம் காலையும் மாலையும் அங்கே நிற்க வையுங்கள். பாலை அளக்கிறார்கள், சாம்பிள் எடுக்கிறார்கள், கொழுப்பும் எஸ்.என்.எஃப். என்கிற மற்ற திடப்பொருளும் பார்த்து விலை போடுகிறார்கள். கால் புள்ளி குறைந்தாலும் அந்த அம்மாவுக்கு வருமானம் குறைகிறது. ரீடிங்கை அவர் கண்ணால் பார்த்தாரா? சிட்டையில் எழுதினதும் கம்ப்யூட்டரில் ஏறினதும் ஒன்றுதானா? சொசைட்டி செயலாளருக்கு எது தெரிய வேண்டும், குளிரூட்டும் நிலையத்துக்கு எது, மாவட்ட ஒன்றியத்துக்கு எது? அந்த முக்கோணம் முழுசும் அங்கே பால் கேனோடு நிற்கிறது. ஒரே வாரத்தில் புரிந்துபோகும். மாடு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், அவர்கள்தான் அன்றைக்கு வாத்தியார்.

"அதெல்லாம் சரி சார், வேலை கிடைக்குமா?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஃபீஸ் கட்டுகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். கம்பெனிகளில் எம்.ஐ.எஸ். எக்ஸிக்யூடிவ் என்றே வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பெரும்பாலும் தினமும் எக்செலில் நேற்றைய விற்பனையை ஒட்டி, கலர் போட்டு, பத்து மணிக்குள் மேலதிகாரிக்கு அனுப்புகிற வேலை. எக்செலும் டேலியும் அவசியம் தெரிய வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டி அனுப்புவதோடு நின்றுவிட்டால் அதை மெஷினே செய்துவிடும். "இந்த எண் போன வாரத்தோடு ஒட்டவில்லையே சார், குடோனில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்கிற பிள்ளைக்குத்தான் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பெண்ணிடம் இவ்வளவையும் சொன்னேன். "பரீட்சையில இதெல்லாம் கேட்க மாட்டாங்க தாத்தா" என்றாள். உண்மைதான். என்னை வினாத்தாள் எழுதச் சொன்னால் முக்கோணத்தை எடுத்துவிட்டு இதைத்தான் வைப்பேன்: ஒரு கிளையில் கம்ப்யூட்டர் 2,000 ரூபாய் குறைகிறது என்கிறது. கேஷியர், பணம் சரியாக இருக்கிறது என்கிறார். நீங்கள் மேலாளர். அவரைப் பணம் கட்டச் சொல்வதற்கு முன்பு எதையெல்லாம் பார்ப்பீர்கள், யார் யாரிடம் கேட்பீர்கள், எந்த வரிசையில்? 10 மார்க். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம்.