சக்கை எது, சாறு எது?

"கதையெல்லாம் வேண்டாம், கருத்து என்ன என்று ஒரு வரியில் சொல்லுங்கள்."

தத்துவப் புத்தகம் என்று பேச்செடுத்தாலே பாதிப் பேர் கேட்பது இதைத்தான். பிளேட்டோவா? கண்ணால் பார்க்கிற பொருளுக்கெல்லாம் பின்னால் மாறாத மூலம் ஒன்று இருக்கிறது என்றவர். டெகார்ட்டா? சிந்திப்பதை வைத்துத் தன் இருப்பை நிரூபித்தவர். ஹ்யூமா? சந்தேகவாதி. முடிந்தது! ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இது தாராளம். அந்தப் புத்தகங்களில் வருகிற உரையாடல், கதை, பாட்டு, கிண்டல் எல்லாம் சக்கையாம். பிழிந்து எடுத்த கருத்து மட்டும்தான் சாறாம்.

இது சோம்பேறித்தனம் மட்டும் என்றால் மன்னித்துவிடலாம். ஆனால் இது தப்பான கணக்கு. சக்கை என்று இவர்கள் தூக்கி எறிவதில்தான் பல சமயம் வாதமே இருக்கிறது. கையில் மிஞ்சுவது வெறும் முடிவு. வவுச்சர், குறிப்பேடு, பேரேடு எதையும் திறக்காமல் நிகர லாபம் என்ற ஒற்றை வரியைப் பார்த்து ஒரு கம்பெனிக்குச் சான்றிதழ் கொடுக்கிற ஆடிட்டரை என்ன சொல்வார்கள்? தத்துவத்தில் மட்டும் அவருக்குப் பெயர் அறிவாளி!

டெகார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1641-இல் வந்த அவருடைய 'தியானங்கள்' ஆறு நாள் சிந்தனையாக எழுதப்பட்டது. ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து, தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சந்தேகப்படுகிறார். எழுதியிருப்பது முழுக்கத் தன்மையில், 'நான்' என்று. ஏதோ நடை அழகுக்காக அப்படி எழுதினார் என்று நினைத்தால், இந்தச் சின்ன சோதனையைச் செய்து பாருங்கள். அந்த 'நான்' என்பதை எடுத்துவிட்டு 'டெகார்ட்' என்று போடுங்கள். டெகார்ட் சிந்திக்கிறார், ஆகவே டெகார்ட் இருக்கிறார். இதில் என்ன நிரூபணம் இருக்கிறது? டெகார்ட் சிந்திக்கிறார் என்பது வெளியில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? 'நான்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்பவருக்கு மட்டும்தான் அந்த வாதம் வேலை செய்யும். படிப்பவர் அந்த 'நான்' என்ற நாற்காலியில் தானே போய் உட்கார வேண்டும். உட்காரவைப்பதற்குத்தான் அந்த வடிவம்.

இன்னும் கேளுங்கள். இதையே கணித நிரூபணம் மாதிரி வரிசையாக எழுதித் தரக்கூடாதா என்று அந்தக் காலத்திலேயே அவரிடம் கேட்டார்கள். அவரும் ஒரு பகுதியை அப்படி எழுதிக் கொடுத்தார். கூடவே, கற்பிப்பதற்கு உண்மையான வழி தியானங்களில் தான் போன வழிதான் என்றும் சொல்லிவிட்டார். சுருக்கம் கேட்பவர்களுக்கு 1641-லேயே பதில் வந்துவிட்டது!

அடுத்தது பிளேட்டோ. "பிளேட்டோ சொன்னார்" என்று ஆரம்பிக்கிற வாக்கியங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் தன் உரையாடல்களில் எங்கேயும் பிளேட்டோ ஒரு பாத்திரமாக வந்து பேசவே இல்லை. சாக்ரடீஸ் விஷம் குடித்த நாளைச் சொல்லும் 'ஃபீடோ'வில் கூட, பிளேட்டோவுக்கு உடம்பு சரியில்லை, அவர் அங்கே இல்லை என்றுதான் வருகிறது. 'பார்மனிடீஸ்' என்ற உரையாடலில், இன்று பிளேட்டோவின் கொள்கை என்று நோட்ஸில் எழுதுகிற அதே கொள்கையை இளவயது சாக்ரடீஸ் சொல்ல, கிழவர் பார்மனிடீஸ் அதைப் பிரித்து மேய்கிறார். முழுமையான பதில் அதில் கிடையாது. தன் கொள்கையை அடித்து நொறுக்கும் ஆளுக்குத் தானே வசனம் எழுதிக் கொடுத்த மனிதரை ஒரு வரியில் எப்படிச் சுருக்குவது?

'யூதிஃப்ரோ' இன்னும் சின்னது. தெய்வ நிந்தனை வழக்கில் சிக்கிய சாக்ரடீஸ் நீதிமன்ற வாசலில் நிற்கிறார். எதிரே யூதிஃப்ரோ வருகிறார். பெற்ற அப்பா மேலேயே கொலை வழக்குப் போட வந்தவர். அதுதான் தெய்வத்துக்கு உகந்த செயல் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. தெய்வத்துக்கு உகந்தது என்றால் என்ன என்று சாக்ரடீஸ் கேட்கிறார். ஒவ்வொரு பதிலாக உடைகிறது. கடைசியில் யூதிஃப்ரோ அவசர வேலை என்று நழுவிவிடுகிறார். விடை? இல்லை! சாறு பிழிபவர்களுக்கு இதில் ஒரு சொட்டும் கிடைக்காது. ஆனால் தனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு அடுத்தவரைத் தண்டிக்கக் கிளம்பிய ஒரு மனிதர் கண்ணெதிரே உடைவதைப் பார்த்தவர் அதை மறக்க மாட்டார்.

வணிகவியல் மாணவர்களுக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. லண்டனில் வாழ்ந்த டச்சு மருத்துவர் பெர்னார்ட் மாண்டவில் 1705-இல் ஒரு நீண்ட கவிதை வெளியிட்டார். (ஆமாம், பொருளாதாரத் தத்துவம், அதுவும் கவிதையில்!) ஒரு தேன்கூடு. வக்கீல், வைத்தியர், வியாபாரி என்று எல்லாத் தேனீயும் ஏமாற்றுப் பேர்வழி. கூடு மட்டும் செழிப்பாக இருக்கிறது. படிப்பவர் ஒவ்வொரு ஏமாற்றுக்காரரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வருகிறார். தேனீக்கள் நேர்மை வேண்டும் என்று புலம்ப, கடவுள் கொடுத்துவிடுகிறார். திருட்டு இல்லை, ஆகவே பூட்டுக்கு வேலை இல்லை. ஆடம்பரம் இல்லை, ஆகவே வியாபாரமும் இல்லை. கூடு காலி! ஊழலைத் திட்டிச் சிரித்தவருக்கு இப்போது சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது. தனிமனிதரின் தீய குணம் ஊருக்குச் செழிப்பைத் தருமா என்ற கேள்வி அப்படித்தான் உள்ளே இறங்குகிறது.

1714-இல் அதே கவிதைக்கு உரைநடை விளக்கங்கள் சேர்த்துப் புத்தகமாக்கினார். 1723-இல் அதை விரிவாக்கி, ஏழைகளுக்கான தருமப் பள்ளிகளைத் தாக்கும் கட்டுரையும் சேர்த்தபோது புத்தகம் பொதுத் தொல்லை என்று குற்றம் சாட்டப்பட்டது. கவிதையாக இருந்தவரை பெரிய சத்தம் எழவில்லை. ஆடம் ஸ்மித் 1759-இல் மாண்டவிலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தார். வடிவம் வெறும் உறைதான் என்றால், உறையை மாற்றியதும் ஏன் இத்தனை மாற்றம்?

எதிர்க்கேள்வி வரும். அரிஸ்டாட்டில் கதையா எழுதினார்? வறட்டு உரைநடைதானே? அவரும் உரையாடல்கள் எழுதியவர்தான். அவர் நடையை சிசரோ பாராட்டியிருக்கிறார். அவை தொலைந்துவிட்டன. மிஞ்சியவை பெரும்பாலும் பாடக் குறிப்புகள் மாதிரியானவை என்பதே அறிஞர்கள் பலரின் கருத்து. நோட்ஸ் மட்டும் தப்பிப் பிழைத்ததை வைத்து, தத்துவம் என்றாலே நோட்ஸ் என்று முடிவு கட்டுவது என்ன நியாயம்? சரி, ஸ்பினோசா? வடிவியல் புத்தகம் மாதிரி வரையறை, தேற்றம், நிரூபணம் என்றே எழுதினார். அதுவும் ஒரு வடிவம்தான். மனிதரின் கோபத்தையும் ஆசையையும் கோடுகளையும் தளங்களையும் போலப் பார்க்க வேண்டும் என்பது அவர் தத்துவம். அதை வேறு எப்படி எழுதுவார்?

இன்னொரு கேள்வி கொஞ்சம் கனமானது. அழகான நடை மோசமான வாதத்தை மறைத்துவிடாதா? மறைக்கும். அதனால்தான் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். மயக்குவது எது என்று தெரியாதவர்தான் மயங்குவார்.

தமிழிலும் இதே கத்திதான், வெட்டுவது மட்டும் எதிர்ப்பக்கம். தமிழில் இலக்கியம் உண்டு, தத்துவம் கிடையாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மணிமேகலை என்றால் பெரும்பாலோருக்கு அமுதசுரபியும் ஆபுத்திரனும்தான் ஞாபகம். முப்பது காதைகளில் இருபத்தேழாவது முழுவதும் பல சமயத்தார் தம் கொள்கையை எடுத்துவைக்கும் அரங்கு. இருபத்தொன்பதாவது தருக்க நூல். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று எது சரியான வாதம், எது போலி வாதம் என வகைபிரிக்கிறது. பிளேட்டோவில் கதையை வெட்டுகிறவர்கள், இங்கே தருக்கத்தை வெட்டிக் கதையை வைத்துக்கொள்கிறார்கள். வெட்டாமல் படித்தால் ஒன்று புரியும். வஞ்சியில் அந்தச் சமயவாதிகளிடம் மணிமேகலை போவது ஆண் துறவியின் வேடத்தில். இளம்பெண் என்று தெரிந்தால் உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்பதால். உண்மை தேடிப் போகிறவள் முதலில் உருவத்தை மாற்ற வேண்டியிருக்கிறது! அந்தத் தத்துவ அரங்குகளைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை எந்தத் தேற்றத்தில் எழுதுவது?

முடிவை மட்டும் வாங்கிக்கொள்பவருக்கு இரண்டே வழிதான். தலையாட்டலாம், அல்லது தலையை ஆட்டாமல் போகலாம். மறுத்துப் பேச முடியாது, ஏனென்றால் அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு வரிகூட எழுதி வைக்காத சாக்ரடீஸின் பெயரில் தினம் ஒரு பொன்மொழி படத்தோடு சுற்றுவதும், அதை நம்பிப் பகிர்வதும் இதனால்தான். யோசிக்கக் கற்றுக்கொடுக்க எழுதிய புத்தகங்களை, யோசிக்காமல் இருக்கப் பயன்படுத்துகிறார்கள்.

யூதிஃப்ரோ சில பத்துப் பக்கம்தான். ஒரே மூச்சில் படித்துவிடலாம். சாரம் போதும் என்பவர்கள் அதைப் படித்துவிட்டு ஒரு வரியில் சுருக்கிக் காட்டட்டும். பார்க்கலாம்.