மாவட்டமே முடங்கினால்தான் கணக்கா?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது செல்போன்கள் ஊமையாயின. பணமதிப்பு நீக்கம் வந்து ஏறக்குறைய ஐந்து வாரம். கையில் ரொக்கம் இல்லை. நெட் போனதால் கார்டு தேய்க்கவும் வழியில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போதும் வெள்ளம் சூழ்ந்த வீடுகளிலிருந்து உதவிக்கு அழைக்க சிக்னல் கிடைக்காமல் மக்கள் தவித்தார்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2024 ஆகஸ்டில் புதிய தர விதிகளை வெளியிட்டது. ஒரு மாவட்டம் முழுவதும் நான்கு மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் நிறுவனம் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முடக்கம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்குக் கட்டணக் கழிவு, ப்ரீபெய்டு வாடிக்கையாளருக்கு வேலிடிட்டி நீட்டிப்பு. வரவேற்க வேண்டிய விதிதான்.

ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தின் பருத்திப்பட்டு போன்ற ஊருக்கு அதனால் என்ன பயன்? அந்த மாவட்டம் பழவேற்காட்டுக் கடலோரம் தொடங்கி ஆந்திர எல்லையில் பள்ளிப்பட்டு வரை நீள்கிறது. பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் இரண்டு நாள் டவர் வேலை செய்யாவிட்டாலும், திருத்தணியில் சிக்னல் இருந்தால் அது இந்த விதியின் கணக்கில் வராது. போதாக்குறைக்கு, இயற்கைப் பேரிடரால் வந்த முடக்கம் என்றால் கழிவும் இல்லை, நீட்டிப்பும் இல்லை.

புயலுக்கு நிறுவனங்கள் பொறுப்பல்ல, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மின்சாரம் போன எத்தனையாவது மணியில் டவரின் பேட்டரி தீர்ந்தது, ஜெனரேட்டருக்கு டீசல் எப்போது வந்தது, ஃபைபர் அறுந்தால் மாற்றுப் பாதை இருந்ததா என்பதெல்லாம் முன்தயாரிப்பைப் பொறுத்தவை. இழப்பீட்டில் விலக்கு இருக்கலாம். பதில் சொல்வதில் விலக்கு கூடாது.

அந்தப் பதிலை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் நடத்தும் 'ஐயோடா' திட்டம், உலகெங்கும் உள்ள இணைய முகவரிகளைத் தொடர்ந்து தட்டிப் பார்த்து, பதில் வராத இடங்களில் முடக்கத்தைக் கண்டறிகிறது. நாடு, மாநிலம், நிறுவனம் என்ற அளவில் அது பார்க்கும். நம் தெரு அதன் கண்ணுக்குத் தெரியாது. எந்த டவர் எப்போது நின்றது என்ற விவரமோ நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறையில் நிமிடக் கணக்கில் பதிவாகிறது. அதை வெளியிடுவதால் போட்டியாளருக்கு ஆதாயம் என்று அவர்கள் அஞ்சலாம். அந்த அச்சத்தைவிட, பிரசவ வலியில் ஆம்புலன்ஸை அழைப்பவரின் தேவை பெரிது.

டிராய் முடக்கத்தின் அளவுகோலை மாவட்டத்திலிருந்து பின்கோடு வரை இறக்க வேண்டும். பேரிடர்க் கால முடக்கங்களையும் காரணத்தோடு பொதுவில் வெளியிடச் செய்ய வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இந்தத் திருத்தம் வரட்டும்.