பேசாத பெட்டி: இணைய உரிமையும் தலித் மாற்றுத்திறனாளிகளும்

ஆவுடையார்கோவில் வட்டத்தில் உள்ள சேரி ஒன்றில் நாங்கள் நடத்திய சட்ட உதவி முகாமுக்கு வந்த மனுக்களில் பெரும்பாலானவை வழக்கமானவை: பட்டா மாறுதல், கூலி பாக்கி, வாங்க மறுக்கப்பட்ட புகார். அவற்றுக்கு நடுவே ஒரு கல்லூரி மாணவி தம் தந்தையின் தோளைப் பற்றியபடி வந்தார். பிறவியிலேயே பார்வையற்றவர். திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையோடு மடிக்கணினியை இயக்குபவர். திரையில் உள்ள எழுத்தை அது குரலாக்கிச் சொல்லும். அவர் விசைப்பலகையில் விடை எழுதுவார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம் மனுவைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, மின்னஞ்சலில் அனுப்பினார். அந்த வேகத்தில் தட்டச்சு செய்வோர் எங்கள் அணியில் எவருமில்லை.

அவருடைய குறை கல்வி உதவித்தொகை ஒன்றைப் பற்றியது. இணைய விண்ணப்பத்தில் பெயர், சாதிச் சான்றிதழ் எண், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் அவரே நிரப்பிவிட்டார். முடிவில் நெளிந்த எழுத்துகளைப் படமாகக் காட்டித் திரும்ப எழுதச் சொல்லும் கேப்ட்சா பெட்டி. அதற்கு ஒலி வடிவம் இல்லை. “எல்லாத்தையும் நானே செஞ்சிருவேன் சார். அந்த ஒரு பெட்டி மட்டும் பேச மாட்டேங்குது” என்றார்.

அந்த ஒரு பெட்டிக்காக அவர் பக்கத்து ஊரில் உள்ள தனியார் கணினி மையம் ஒன்றுக்குப் போனார். மையத்தை நடத்துபவர் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவர். கொடுமை எதுவும் செய்யவில்லை, உதவத்தான் செய்தார். ஆனால் அவரைவிடப் பதினைந்து வயது மூத்த தந்தையைப் பெயர் சொல்லி, ஒருமையில் அழைத்தார். மகளின் கைப்பேசியை வாங்கி ஓடிபி பார்த்தார். கடவுச்சொல்லைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சாதி, வருமானம், ஊனத்தின் விழுக்காடு எல்லாவற்றையும் காத்திருந்தோர் காதில் விழும்படி உரக்கப் படித்துச் சரிபார்த்தார். அடுத்த ஆண்டு புதுப்பிக்க வேண்டுமென்றால் அந்தக் குறிப்பேட்டைத் தேடித்தான் மீண்டும் போக வேண்டும்.

இணைய அணுகல் குறித்த பேச்சு பெரும்பாலும் வசதி, நவீனம், சேவை மேம்பாடு என்ற சொற்களிலேயே நடக்கிறது. நம் வாசகர்களுக்கு இதன் பொருள் வேறாக இருக்க வேண்டும். ஒரு தலித் ஓர் ஆவணத்துக்காகப் பிறரிடம் போய் நிற்பதற்குப் பின்னால் மனு எழுதுபவர், கணக்குப்பிள்ளை, கிராம அலுவலர் என்று நீண்ட வரலாறு இருக்கிறது. கணினி அந்த இடைத்தரகரை அகற்றும் என்று நம்மில் பலரும் நம்பினோம். பார்வையுள்ள, எழுதப் படிக்கத் தெரிந்த, கைப்பேசி வைத்திருக்கும் இளைஞருக்கு அது ஓரளவு நடந்தும் இருக்கிறது. மாற்றுத்திறனாளியான தலித்துக்கோ அந்த இடைத்தரகரையே கணினி திருப்பி அழைத்து வந்திருக்கிறது.

சட்டம் இதைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகலின் ஒரு பகுதியாகவே வைத்தது. 40ஆம் பிரிவு அதற்கான தரங்களை விதிகளாக வகுக்கச் சொல்கிறது. 46ஆம் பிரிவு, விதிகள் வந்த இரண்டு ஆண்டுகளுக்குள் சேவை வழங்குவோர் எல்லோரும் அவற்றின்படி நடக்க வேண்டும் என்கிறது. அரசு, தனியார் என்ற வேறுபாடு அதில் இல்லை. 2017-இல் விதிகள் வந்தன. ஆனால் 15ஆம் விதி, சட்டம் கட்டாயம் என்றதை வெறும் பரிந்துரையாகச் சுருக்கிவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் விதி 15(1) தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. ஏழு ஆண்டுகள் ‘செய்தால் நல்லது’ என்ற அளவிலேயே ஓர் உரிமை கிடந்தது என்பதைச் சட்ட மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கடுத்த தீர்ப்பு 2025 ஏப்ரல் 30 அன்று, பிரக்யா பிரசூன் வழக்கில் வந்தது. அமில வீச்சில் கண்கள் சிதைந்த பெண், வங்கிக் கணக்கு தொடங்கக் கேமரா முன் கண் சிமிட்ட வேண்டும் என்ற நிபந்தனையால் தடுக்கப்பட்டார். அதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்டது, முழுமையாகப் பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினின் மனு. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, இணையச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று அறிவித்து 20 ஆணைகளை வழங்கியது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும், கைரேகையை ஏற்க வேண்டும், தளங்களைக் குறித்த காலத்தில் அணுகல் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும் என்பன அவற்றுள் சில. ஊரகத்தாரும் ஏழைகளும் மொழிச் சிறுபான்மையினரும் இணையத்தால் விலக்கப்படுவதையும் தீர்ப்பு பேசுகிறது.

சாதியால் விலக்கப்படுவதை எப்படிப் பேசுவது என்பதில்தான் நம் நீதிமன்றங்கள் தடுமாறுகின்றன. பட்டன் ஜமால் வலி வழக்கை (2021) எடுத்துக்கொள்வோம். பிறவியிலேயே பார்வையற்ற, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் பாலியல் வன்முறைக்கு ஆளானார். சாதி, பாலினம், ஊனம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தும்போது அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கக் கூடாது என்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் விரிவாகவே எழுதினார். ஆயினும் குற்றம் சாதியின் காரணமாக நடந்தது என்பதை அரசுத் தரப்பு மெய்ப்பிக்கவில்லை என்று கூறி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனை நீக்கப்பட்டது. வல்லுறவுக்கான ஆயுள் தண்டனை நின்றது. அந்தப் பெண்ணின் பார்வையின்மை சாட்சியச் சட்டகத்துக்குள் வந்தது, சாதி வரவில்லை. அந்த விரிவான பகுதிகளை நாங்கள் வாதங்களில் பயன்படுத்துகிறோம், ஆனால் முடிவை மறந்துவிட்டுப் பயன்படுத்துவதில்லை.

நலத்திட்டங்களிலும் இதே பிளவுதான். ஆதிதிராவிடர் நலத்துறையின் பயனாளி கண்ணும் காதும் கையும் குறைவின்றி இயங்குபவராகவே கற்பனை செய்யப்படுகிறார். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பயனாளிக்குச் சாதி இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த மக்களில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரிடையே 2.45 விழுக்காடு. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆபத்தான தொழில்களில் எவர் தள்ளப்படுகிறார், மகப்பேற்றுக் காலத்தில் எவர் பட்டினி கிடக்கிறார், மருத்துவமனை எவர் வீட்டுக்குத் தொலைவில் இருக்கிறது என்பனவற்றை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

தமிழில் இன்னொரு தடை இருக்கிறது. இதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. யுனிகோடில் உள்ள தமிழைத் திரைவாசிப்பான் படிக்கும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் 2006 முதல் உருவாக்கி வரும் என்விடிஏ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் பேசுகிறது. அந்தக் குரல் இயந்திரத்தனமானதுதான். பழகிய காதுகளுக்கு அது போதும். ஆனால் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணத்தில் தமிழ் எழுத்தே இருப்பதில்லை. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்த சொல், திரைவாசிப்பானுக்கு ‘ஜே, கே, பி, ஓ’ என்ற எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. அச்சிட்ட தாளை வருடி எடுத்துப் பிடிஎஃப் ஆக ஏற்றினாலோ அது முழுவதும் படம். மென்பொருள் வெற்றுப் பக்கம் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். யுனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழுக்கான தரமாகத் தமிழ்நாடு அரசு ஏற்றது 2010-இல், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி. இன்றும் வருடி ஏற்றிய அரசாணைகளைத் தளங்களில் காணலாம். தனக்கு உரிமை தரும் ஆணையையே ஒரு பார்வையற்றவர் பிறரிடம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்கு அலுவலர்கள் சொல்லும் பதில் நமக்குத் தெரிந்ததே: உதவி மையங்கள் இருக்கின்றனவே, அங்கே செய்து தருவார்களே. மையங்கள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மடிக்கணினியைக் கண்டே இராத முதியவருக்கும், கைவிரல்களை இழந்த தொழுநோய் பாதித்தவருக்கும் அவை தேவை. அங்கே பணியாற்றுவோருக்குப் பயிற்சியும் நடத்தை விதிகளும் தேவை. ஆனால் தானே செய்யத் தெரிந்தவரை மையத்துக்கு அனுப்புவது உதவி ஆகாது. 2021 மே 31 அன்று கொரோனாத் தடுப்பூசி வழக்கில், கோவின் தளத்தில் ஒலி கேப்ட்சா இல்லாததையும் பார்வையற்றோர் அதனால் தடுக்கப்படுவதையும் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டித் தணிக்கை செய்யச் சொன்னது. உயிர் காக்கும் ஊசிக்கே அந்தப் பெட்டி தடையாக நின்றதை நாடு பார்த்த பிறகும் அது நீடிக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இதில் தனி நினைவு ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் மாலை நேரங்களில் சேரிகளுக்கும் கல்குவாரிகளுக்கும் தேடிச் சென்று எழுத்தறிவித்தது. பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி கற்றனர். அடுத்தவர் கொண்டுவிடக் காத்திராமல் போக வேண்டிய இடத்துக்குத் தாமே போனார்கள் என்பதால்தான் அது பேசப்பட்டது. பின்னால் உட்கார வைத்து ஓட்டிச் செல்ல ஆள் இருக்கும்போது பெண்ணுக்கு எதற்கு மிதிவண்டி என்று கேட்டவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள்.

பம்பாய் சட்டமன்றம் எஸ்.கே. போலேயின் தீர்மானத்தை ஏற்றுப் பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறந்தது 1923-இல். மகாட் நகராட்சி அடுத்த ஆண்டு சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் நடந்து போய் நீர் அருந்தும்வரை அந்தத் தீர்மானங்கள் தாளில்தான் இருந்தன. அருந்தியதற்காகத் தாக்கவும் பட்டார்கள். ரதூரி தீர்ப்பும் பிரசூன் தீர்ப்பும் இப்போது அந்த 1924 நிலையில் இருப்பதாக நாங்கள் கருதுகிறோம்.

எனவே தீர்ப்புகளைக் கொண்டாடுவதைக் காட்டிலும் அவற்றைப் பயன்படுத்துவது அவசரமானது. 2016 சட்டத்தை மீறுவோருக்கு 89ஆம் பிரிவு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. மாநில ஆணையரிடம் முறையிட வழக்கறிஞர் வேண்டியதில்லை. சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் 82ஆம் பிரிவு அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரத்தைத் தருகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு துறையிடமும் கேட்கலாம்: உங்கள் தளம் எப்போது அணுகல் தணிக்கைக்கு உட்பட்டது, யார் செய்தார்கள், அறிக்கை எங்கே. சோதித்தவர்களில் தமிழ்த் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் மாற்றுத்திறனாளி ஒருவராவது இருந்தாரா என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவியின் முறையீட்டில் மூன்று கோரிக்கைகள் வைத்திருக்கிறோம்: கேப்ட்சாவுக்கு ஒலி வடிவம் அல்லது மாற்று வழி, அறிவிப்புகள் யுனிகோடில், இடைத்தரகரிடம் போன கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக்கொள்ள அணுகக்கூடிய வழி. வரைவை எழுதியது அவரேதான். நாங்கள் பிரிவு எண்களைச் சேர்த்தோம். ‘விண்ணப்பிக்க இயலாமல் தவிக்கிறேன்’ என்று நாங்கள் போட்டிருந்த வரியை அழித்து, ‘விண்ணப்பிக்கவிடாமல் தடுக்கப்பட்டுள்ளேன்’ என்று மாற்றிய பிறகே கையொப்பமிட்டார்.