துணையும் கூட்டமும்

"நாற்காலியை விட்டு எழுந்திராமல் கதை எழுதுகிறவருக்கு மலையைப் பற்றி என்ன அபிப்பிராயம் வேண்டிக்கிடக்கிறது?" என்று ஒரு சினேகிதர் என்னைக் கேட்டார். அயர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் இறக்கிவிடும் கோஷ்டி நடைகளை நிறுத்தினால் தேவலை என்று நான் சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் அங்கே போய் வந்தவர். சிகரத்தில் எடுத்துக்கொண்ட படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் நானும் அந்த பஸ்ஸில் ஏறியவன். பணம் கட்டி ஏறியவன். அதனால்தான் பேசுகிறேன்.

டப்ளினில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பி வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அந்த ஊர் ஜனங்களுக்கு மலையில் நடப்பது ஒரு பெரிய பித்து. மலை என்றதும் பனிச் சிகரத்தையும் கயிற்றையும் கோடரியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அயர்லாந்திலேயே உயரமான காரன்டூஹில் சிகரம் 1,040 மீட்டரை எட்டாது. புல்லும் புதரும் கரிச் சதுப்பும் மூடிய மலைகள். காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம். ஆனால் உயரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து வரும் மேகம் முன்னறிவிப்புச் செய்துவிட்டு வருவதில்லை. பத்து நிமிஷத்துக்கு முன் எதிரே நின்ற மலை இல்லாமல் போய்விடும். பிறகு நம் கையே நமக்குச் சந்தேகமாகிவிடும்.

இந்த மலைகளில் நடப்பதற்கென்றே பழைய சங்கங்கள் பல இருக்கின்றன. சந்தா கட்டி, வரைபடமும் திசைகாட்டியும் பார்க்கக் கற்றுக்கொண்டு, ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைத்து நடக்கிறவர்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் சொல்வது வேறு. கைப்பேசியில் ஓர் அறிவிப்பு வரும். பணம் கட்டினால் பஸ்ஸில் இடம். யார் வேண்டுமானாலும் வரலாம். "சிகரம் நிச்சயம்" என்று விளம்பரம் வேறு! அப்படி ஒன்றில்தான் அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில் நானும் தம்பியும் போனோம்.

போன இடம் லக்னகுவில்லா. டப்ளினுக்குத் தெற்கே விக்லோ மலைகளில் மிக உயரமானது, 925 மீட்டர். கிளென்மலூர் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, கிழக்குத் தோள் வழியாக இறங்குவது திட்டம். போய் வர ஏறக்குறைய 14 கிலோமீட்டர், 800 மீட்டர் ஏற்றம். மலை நடைக்கு நேய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் ஒரு கணக்குச் சொல்லி வைத்தார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னும் ஒரு மணி. அந்தக் கணக்குப்படி நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் நன்றாக நடக்கக்கூடியவன் எங்கேயும் உட்காராமல் நடந்தால்! நாங்கள் அடிவாரத்தில் நடக்கத் தொடங்கியபோதே மணி பதினொன்று. அந்த மாதத்தில் ஏழு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும்.

எனக்கு முன் ஆசனத்தில் டப்ளின்காரியான ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்றத்தில் அவர் பின்தங்கினார். நானும் வேகமாக நடக்கிறவன் அல்ல. ஆகவே கொஞ்ச தூரம் இருவரும் பேசிக்கொண்டே நடந்தோம். மேலே போகப் போக முன்னால் போனவர்களின் குரல் தேய்ந்துவிட்டது. அந்த அம்மாள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, "நீங்கள் போங்கள், நான் மெதுவாக வந்துவிடுவேன்" என்றார். நான் ஒரு கணம் தயங்கினேன். மேலே படம் எடுக்கிறார்கள், சீக்கிரம் வா என்று தம்பி கூப்பிட்டான். போய்விட்டேன்.

லக்னகுவில்லாவின் உச்சி கூரிய சிகரம் அல்ல. விசாலமான புல்வெளி, கால்பந்து ஆடலாம் போல இருக்கும். அதுதான் ஆபத்து. இரண்டு பக்கங்களில் செங்குத்தான பாறைச் சரிவுகள். ஒன்றுக்கு வடக்குச் சிறை என்று பெயர். மற்றொன்றுக்குத் தெற்குச் சிறை. மேற்கே இறங்கினால் ராணுவத்தார் பீரங்கி சுட்டுப் பழகும் இமால் பள்ளத்தாக்கு. இவற்றின் நடுவே மூடுபனியில் நிற்கிறவனுக்கு எல்லாத் திக்கும் ஒரே புல்தான்.

நாங்கள் படம் எடுத்துக்கொண்டு நிற்கும்போதே பனி வந்து மூடிக்கொண்டது. நடத்திச் சென்றவர் "புறப்படுங்கள், புறப்படுங்கள்" என்று கத்தினார். எல்லாரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கினோம். அந்த அம்மாளும் எங்கேயோ வரிசையில் வருவார் என்று நான் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

கீழே பஸ்ஸில் ஏறினோம். "எல்லாரும் வந்தாயிற்றா?" என்று கேட்டார் நடத்தியவர். "வந்தாயிற்று!" என்று ஏகோபித்த குரல். டிரைவர் என்ஜினை முடுக்கினார். அப்போதுதான் எனக்கு முன் ஆசனத்தில் ஒரு பச்சைப் பை தனியாக இருப்பதைப் பார்த்தேன்.

கைப்பேசியில் பேச வழியில்லை. பள்ளத்தாக்கில் கீழே போய் 112-க்குச் சொல்ல டிரைவர் ஆயத்தமானார். அந்தச் சமயத்தில் மங்கிய வெளிச்சத்தில் ஒரு சிறு வரிசை இறங்கி வந்தது. ஏதோ ஒரு நடைச் சங்கத்தார், ஏழு பேர். எட்டாவதாக அந்த அம்மாள்.

அவர் செய்ததெல்லாம் சரியான காரியங்கள். பனி மூடியதும் அலையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்து நிமிஷத்துக்கு ஆறு முறை ஊதினார், ஒரு நிமிஷம் நிறுத்தினார், மறுபடி ஊதினார். அந்த எழுவர் காதில் அது விழுந்தது. அவர்களில் தலைவராக வந்தவர் எங்களை நடத்தியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்கள் மொத்தம் எத்தனை பேர்?"

"நாற்பத்தாறு... நாற்பத்தேழு இருக்கும்" என்றார் நம்மவர்.

அந்த "இருக்கும்" என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

சினேகிதர் சொல்கிறார்: "மலை எல்லாருக்கும் பொது. சங்கத்தில் சேர்ந்து வரைபடம் படித்தவன்தான் போக வேண்டுமா? ஏழை எளியவன், தனியாகப் போகப் பயப்படுகிறவன், ஊருக்குப் புதியவன், இவர்களெல்லாம் என்ன செய்வார்கள்?"

இது லேசான வாதமல்ல. என் தம்பியும் இதையேதான் சொன்னான். "அண்ணா, நான் இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆபீசும் அறையுமாகக் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பேச ஆளில்லை. இந்தக் கோஷ்டிதான் என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்தது. அதைப் பழிக்காதே" என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆகவே நான் யாரையும் வீட்டில் இரு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் தம்பி தேடியது எதை? துணையை. அவனுக்குக் கிடைத்தது கூட்டம். இரண்டும் ஒன்றல்ல. ஒருவன் குறைந்தால் தெரிவது துணை. குறைந்தாலும் தெரியாதது கூட்டம். நாற்பத்தேழு பேரில் ஒரு ஸ்திரீ மலைமேல் தனியாகக் கிடக்கிறாள். நாற்பத்தாறு பேர் "வந்தாயிற்று" என்று சத்தியம் செய்கிறார்கள். தனியாகப் போனால் ஆபத்து என்றுதானே கோஷ்டியில் சேர்ந்தாள்? தனியாகப் போயிருந்தால் ஏறும்போதே மேகத்தைப் பார்த்துத் திரும்பியிருப்பாள். கூட்டம் கொடுத்த தைரியம் அவளை மேலே கொண்டுபோய் வைத்தது. அங்கே விட்டுவிட்டு வந்துவிட்டது.

மலைக்கு நேரும் கதியும் இதே கதிதான். அங்கே கால் வைக்கும் இடமெல்லாம் கரிச் சதுப்பு. செத்த பாசியும் புல்லும் தண்ணீரில் ஊறி மக்காமல் படிந்த மண் அது. வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் சேர ஆயிரம் வருஷம். ஏழு பேர் போனால் புல் மடங்கி மறுபடி நிமிர்ந்துகொள்ளும். நாற்பத்தேழு ஜோடிப் பூட்ஸ் வாரந்தோறும் போனால் புல் செத்து, கரி வெளியே தெரியும். அதற்குப் பிறகு மழையும் காற்றும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். சேறு என்று ஒருவன் ஓரமாக ஒதுங்கி நடப்பான், பாதை அகலமாகும், அடுத்தவன் அதற்கும் ஓரமாக நடப்பான்.

"குரோ பாட்ரிக் மலையில் நூற்றாண்டு நூற்றாண்டாகக் கூட்டம் ஏறவில்லையா?" என்பார் சினேகிதர். ஏறுகிறது. ஜூலை மாதக் கடைசி ஞாயிறு அங்கே பெரிய யாத்திரை. பக்தியோடு ஏறுகிறவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மலையின் பாதையும் கரைந்து சரிந்துதான் போயிற்று. அண்மை வருஷங்களில் மலையின் கல்லையே எடுத்து அடுக்கிப் பழுது பார்த்து வருகிறார்கள். பக்திக்கே மலை விலக்குக் கொடுக்கவில்லை. படத்துக்கா கொடுக்கப் போகிறது?

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வட அயர்லாந்தில் இருக்கிறது. மோர்ன் மலைகளில் சிகரம் சிகரமாகத் தொட்டுக்கொண்டு ஓடும் ஒரு கல் மதில் உண்டு. 1904-இல் தொடங்கி 1922-இல் முடித்தது. அந்த மதிலை ஒட்டி ஒரே நாளில் நடப்பதென்று 1957-இல் இளைஞர் விடுதிச் சங்கத்தார் ஒரு வருஷ நடையை ஆரம்பித்தார்கள். அமோகமாகப் பேர் எடுத்தது. ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள். மலை தேய்ந்தது. 1984-இல் நடத்தியவர்களே நிறுத்திவிட்டார்கள்! ஆள் வராமல் நின்றுபோன விழாக்கள் எத்தனையோ உண்டு. ஆள் அதிகமாக வந்ததால் தாங்களாகவே நிறுத்தியவர்களை நான் கைகூப்பிக் கும்பிடுகிறேன். அவர்கள் மலையை நேசித்தவர்கள்.

இன்னொரு சங்கதி. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பொறுப்போடு நடக்கிறவன் பெரும்பாலும் யார் நிலத்திலும் நடக்கலாம். அயர்லாந்தில் அப்படிப்பட்ட பொது உரிமை கிடையாது. பல இடங்களில் நாம் திறந்து மூடும் கதவு ஓர் ஆட்டுக்காரருடையது. கடக்கும் மேய்ச்சல் அவருடையதும் அவர் அண்டை அயலாருடையதும். சும்மா இருக்கிறாரே என்பதுதான் நமக்கு உரிமை. விக்லோ மலைப் பாதை ஒன்றில் பலகை இடறி விழுந்து அடிபட்ட ஒருவருக்கு 2016-இல் ஒரு கோர்ட்டு 40,000 யூரோ நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. அப்போது நிலக்காரர்கள் பலர் கதவைச் சாத்திவிடலாமா என்று யோசித்தார்கள். 2017-இல் ஹைகோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்த பிறகுதான் மூச்சு வந்தது. அவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிற விருந்தோம்பல் அது. அந்த வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்துபோட்டு, நாயை அவிழ்த்துவிட்டு, "மலை எல்லாருக்கும் பொது" என்று நாம் உபதேசம் செய்யலாமா?

நாம் தொலைந்துபோனால் நம்மைத் தேடி வருகிறவர்கள் யார்? சம்பளக்காரர்கள் அல்ல. அந்த நாட்டில் மலை மீட்புக் குழுவினர் தொண்டர்கள். நம்மிடம் காசு கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, நனைந்துகொண்டு, இருட்டில் மலையேறுகிறார்கள். நடத்துகிறவர் தலையை எண்ணியிருந்தால் அவர்களில் எத்தனை பேர் வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்!

நான் கேட்பது பெரிய சீர்திருத்தமல்ல. எட்டுப் பேர், பத்துப் பேர். அதற்கு மேல் வேண்டாம். நாற்பது பேர் வந்தால் நாலு கோஷ்டியாக நாலு மலைக்குப் போகட்டும். எல்லாருக்கும் பின்னால், வழி தெரிந்த ஒருவர் நடக்கட்டும். ஒவ்வொரு கதவிலும் எண்ணட்டும். மிகவும் மெதுவாக நடக்கிறவரின் நடைதான் எல்லாருடைய நடையும். இத்தனை மணிக்குத் திரும்புவது என்று புறப்படும்போதே சொல்லிவிட வேண்டும். சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்ப வேண்டும். "அப்படியானால் லாபம் வராதே" என்பார்கள். வராதுதான். லாபம் வேண்டுமானால் சர்க்கஸ் நடத்தட்டும்.

டப்ளினுக்குத் திரும்பும்போது நான் அந்த அம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. பச்சைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "நீங்கள் போங்கள் என்று நான் மரியாதைக்குச் சொன்னேன். நீங்கள் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்."

மனிதர்களைப் பற்றிக் கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு கிழவி மரியாதைக்குச் சொன்னதையும் மனசாரச் சொன்னதையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தாறு பேரோடு சேர்ந்துகொண்டதால் அந்தச் சிரமத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன்.

சினேகிதர் அடுத்த வருஷம் மறுபடி அயர்லாந்து போகப் போகிறாராம். போய் வரட்டும். பணம் கட்டுவதற்கு முன்னால் மட்டும் ஒரு கேள்வி கேட்கட்டும்: "கடைசியில் நடந்து வரப்போகிறவர் யார்?" அதற்கு ஒருவருடைய பெயரைப் பதிலாகச் சொன்னால் தாராளமாக ஏறி உட்காரலாம். "யாராவது இருப்பார்கள்" என்று சொன்னால், தயவுசெய்து பஸ்ஸை விட்டு இறங்கிவிடட்டும்.