டாக்டர் எங்கே படித்தார்?

முதுகு வலி. தாங்க முடியவில்லை. அமெரிக்காவில் ஒருவர் டாக்டரிடம் போகிறார். டாக்டர் அழுத்திப் பார்க்கிறார். கேள்வி கேட்கிறார். பிறகு சீட்டு எழுதுகிறார்.

சீட்டில் என்ன மருந்து இருக்கும்? அது நோயைப் பொறுத்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். டாக்டர் படித்த கல்லூரியையும் பொறுத்தது என்று இப்போது தெரிகிறது!

அபின் இனத்தைச் சேர்ந்த வலி மருந்துகள் அந்த நாட்டில் பெருவாரியாக விற்றன. வலி போகும், பழக்கம் போகாது. அளவு மீறினால் மூச்சு நின்றுவிடும். 1999 முதல் 2019 வரை, கள்ளச் சரக்கையும் சேர்த்து, இந்த இன மருந்துகளால் மாண்டவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர்.

மாலி ஷ்னெல், ஜேனட் கரி என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள், 2006 முதல் 2014 வரை டாக்டர்கள் எழுதிய சீட்டுகளைக் கணக்கெடுத்தார்கள். 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். தர வரிசையில் கடைசியில் இருந்த கல்லூரிகளில் படித்த பொது வைத்தியர்கள், முதல் இடத்தில் இருந்த ஹார்வர்டில் படித்தவர்களைப் போல் சுமார் மூன்று மடங்கு சீட்டுகள் எழுதியிருந்தார்கள். ஒரே வட்டாரத்தில் தொழில் செய்தவர்களை ஒப்பிட்டாலும் வித்தியாசம் இருந்தது.

டாக்டர்களைத் திட்டிப் பயன் இல்லை. கற்றதைத்தான் எழுதினார்கள். அவர்கள் கற்றது என்ன? 1980-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் சின்னஞ்சிறு கடிதம் ஒன்று வந்தது. ஆஸ்பத்திரியில் இந்த மருந்து கொடுக்கப்பட்ட 11,882 பேரில் 4 பேருக்கே பழக்கம் பிடித்தது என்றது அது. ஆஸ்பத்திரியில் நர்சு கையால் மருந்து வாங்கியவர்களின் கணக்கு! வீட்டுக்குப் புட்டியோடு அனுப்பப்படுகிறவனுக்கு அது எப்படிப் பொருந்தும்? ஆனாலும் அந்தக் கடிதத்தை நூற்றுக்கணக்கான கட்டுரைகள் சாட்சிக்கு இழுத்தன. மருந்துக் கம்பெனிகளுக்கும் அது கற்கண்டாக இனித்தது.

கணக்கில் இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. வலிக்கு வைத்தியம் செய்வதைத் தனியாகப் பயின்ற டாக்டர்களிடையே கல்லூரி வித்தியாசம் காணவில்லை! அப்படியானால் குறை ஆளிடம் இல்லை, பாடத்தில்தான். அந்தப் பாடத்தை எல்லோருக்கும் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

2023 ஜூன் முதல், இத்தகைய மருந்துகளை எழுத அனுமதி பெறும் டாக்டர்கள், போதைப் பழக்கம் பற்றி 8 மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு சட்டம் கொண்டு வந்திருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, 8 மணி நேரம்! ஒரு நாள் வேலை. இது எந்த மூலைக்கு?