டைப்பிங், ஷார்ட்ஹேண்ட், கம்ப்யூட்டர் சயின்ஸ்

போன ஞாயித்துக்கிழமை செம்பூர்ல நண்பர் ஒருத்தர் வீட்டுக்குப் போயிருந்தேன். பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிருக்கா. கெமிஸ்ட்ரின்னா உசுராம், ரூயா காலேஜ்ல பி.எஸ்ஸி. சேரணுமாம். இதைச் சொன்னது அவ அம்மா. அப்பாவோ பன்வேலுக்கு அந்தப் பக்கம் ஒரு காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டாவில கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டிட்டு வந்துட்டார். "பி.எஸ்ஸி.ன்னா ஊர்ல நாலு பேர் என்ன நினைப்பாங்க?"ன்னார்.

அந்த நாலு பேர் யாருன்னு எனக்கு இந்த வயசு வரைக்கும் தெரியல. யாருக்கும் அவங்க ஃபீஸ் கட்டினதாவும் கேள்விப்படல.

நம்ம தாத்தா தலைமுறை டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் கத்துக்கிட்டு ரயிலேறி வந்தது. மாட்டுங்காவில ரூம், ஃபோர்ட்ல ஆபீஸ். அதுல குடும்பங்கள் நிமிர்ந்தது, மறுக்கல. 1966-ல ஆரம்பிச்ச சிவசேனா 'மதராஸி' மேல பாய்ஞ்சதே அந்த குமாஸ்தா நாற்காலிகளுக்காகத்தானே? இன்னிக்கு அந்த நாற்காலி எங்கே? மில் வேலை நிரந்தரம்னு நம்பினவங்களுக்கு 1982 ஸ்ட்ரைக் பாடம் சொல்லிச்சு. எல்லாரும் போறாங்க, அதனால பத்திரம்னு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல தள்ளறதும் அதே கணக்குதான். கோடு எழுதவே இப்ப மெஷின் வந்தாச்சு.

இன்ஜினியரிங் வேணாம்னு சொல்லல. வி.ஜே.டி.ஐ.ல இடம் கிடைச்சு, பிள்ளைக்கும் இஷ்டம்னா தாராளமா சேருங்க. ஆனா வாசல்ல என்ன இருக்குன்னு ஒரு தடவை பாருங்க சாமி. அதே மாட்டுங்காவில 1933-ல யு.டி.சி.டி.ன்னு ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு ஐ.சி.டி. விஞ்ஞானி மஷேல்கர் அங்க படிச்சவர். செம்பூருக்குப் பக்கத்துல ட்ராம்பேல பி.ஏ.ஆர்.சி. அதோட ட்ரெயினிங் ஸ்கூல் 1957-லேர்ந்து நடக்குது. இன்ஜினியருங்களை மட்டுமில்ல, எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடிச்சவங்களையும் எடுக்கறாங்க. நண்பர் இருபது வருஷமா செம்பூர்லதான் இருக்கார். இது அவருக்குப் புதுச்செய்தி!

"தாராவியில தோல் கிடங்குல உழைக்கறவன் பிள்ளையோட ஆசையைப் பார்க்க முடியுமா, வேலையைத்தானே பார்ப்பான்?"னு கேப்பீங்க. நியாயம். கையில காசில்லாதவன் சூதாடக் கூடாது. லட்சக்கணக்கில கடன் வாங்கி, போன வருஷம் படிச்சு முடிச்ச பசங்க எங்க வேலை பார்க்கறாங்கன்னுகூட விசாரிக்காம சீட் வாங்கறதுதாங்க சூதாட்டம். தாராவியிலேர்ந்து நடக்கற தூரத்துல சயான்ல எஸ்.ஐ.இ.எஸ்., மாட்டுங்காவில ரூயா, கால்சா. அரசு உதவி பெறும் படிப்புக்கு அங்க ஃபீஸ் எவ்வளவுன்னு போய்க் கேளுங்க. கேட்டில நிக்கற கடைசி வருஷப் பசங்ககிட்ட "அடுத்து என்னப்பா?"ன்னும் கேளுங்க. புரோஷர் சொல்லாததை அவங்க சொல்வாங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி, படிக்கப் போற பிள்ளையைக் கேளுங்க. நாங்க பேசிட்டிருந்த ரெண்டு மணி நேரமும் அந்தப் பொண்ணு சமையக்கட்டுல காபி கலந்துட்டிருந்தா. அவ படிப்பைப் பத்தி அவகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. காபி நல்லாருக்கும்மான்னு சொல்லிட்டு நானும் வந்துட்டேன்.

அந்த உறுத்தல்லதான் இவ்வளவும் எழுதறேன்.