50 எம்.எம்-மா, 600 எம்.எம்-மா? லென்ஸுக்கு இ.எம்.ஐ போடும் முன் ஒரு நிமிஷம்!

"போன்லயே 100 மடங்கு ஜூம் வந்துடுச்சு. பின்னாடி இருக்கறதை மங்கலாக்க போர்ட்ரெய்ட் மோடும் இருக்கு. அப்புறம் எதுக்கு ப்ரோ தனியா லென்ஸ்?"

கேமரா வாங்கும் யாரும் தப்பிக்க முடியாத கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. இதற்குப் பதில் தெரிந்தால்தான் அடுத்த குழப்பம் தீரும்: கேமராவோடு வரும் கிட் லென்ஸுக்கு அடுத்து எதை வாங்குவது? ஜூம் ஆகாத, ஆனால் வெளிச்சத்தை அள்ளிக்கொள்ளும் 50 எம்.எம் எஃப்/1.8 பிரைம் லென்ஸா, தூரத்துப் பறவையைக் கிட்டே இழுத்துவரும் 600 எம்.எம் சூப்பர் டெலிபோட்டோவா?

போன் எதை எடுக்கிறது, எதை வரைகிறது?

2023 மார்ச்சில் ரெடிட் பயனர் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலா படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து, சாம்சங் போனில் ஜூம் செய்து எடுத்தார். திரையில் இல்லாத விவரங்கள்கூடப் படத்தில் பளிச்சென வந்தன. நிலாவை அடையாளம் கண்டதும் ஏ.ஐ விவரங்களைக் கூட்டுகிறது என்று சாம்சங் பிறகு விளக்கமளித்தது. 2025-ல் வந்த கூகுள் பிக்ஸல் 10 புரோ, 100 மடங்கு ஜூமுக்கு ஜெனரேட்டிவ் ஏ.ஐ-யை வெளிப்படையாகவே பயன்படுத்துகிறது.

நிலா நமக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. அதனால் யூகம் பலிக்கும். ஏரிக்கரையில் மேயும் உள்ளான்கள் அப்படியில்லை. அலகின் நீளம், காலின் நிறம் என்று சின்னச் சின்ன வித்தியாசத்தில் இனமே மாறிவிடும். அங்கே யூகித்து வரைந்த இறகு, படத்துக்கு அழகு சேர்க்கலாம், சாட்சியாகாது. போர்ட்ரெய்ட் மோடும் யூகம்தான். தலைமுடி ஓரத்தையும் கம்மலையும் அது சேர்த்து மங்கலாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு லென்ஸுக்கும் இன்னும் வேலை இருப்பது இதனால்தான்.

வெளிச்சத்துக்கு ஒரு லென்ஸ்

எஃப் எண் சின்னதாக இருந்தால் துளை பெரியது. எஃப்/1.8 உள்ளே விடும் ஒளி, எஃப்/6.3 விடுவதைப்போல சுமார் 12 மடங்கு. டியூப்லைட் போட்ட வீட்டு ஹாலில் 1/125 நொடியில் எடுக்க எஃப்/1.8-க்கு ஐ.எஸ்.ஓ 800 போதும் என்றால், அதே படத்துக்கு எஃப்/6.3 கிட்டத்தட்ட 10,000 கேட்கும். படம் முழுக்க நாய்ஸ் பூத்துவிடும். போனின் நைட் மோடு பல ஃப்ரேம்களை அடுக்கிச் சமாளிக்கும். ஆனால் ஓடும் குழந்தை, நைட் மோடுக்காக நிற்காது!

எடையையும் பாருங்கள். கேனானின் 50 எம்.எம் எஃப்/1.8 சுமார் 160 கிராம். சோனியின் 200-600 எம்.எம் சுமார் 2.1 கிலோ.

ஒரு எச்சரிக்கை: சென்சார் சின்னதான ஏ.பி.எஸ்-சி கேமராவில் 50 எம்.எம், 75 அல்லது 80 எம்.எம் போல நெருக்கிக் காட்டும். சின்ன ஹாலில் நான்கு பேரை நிற்கவைத்தால் முதுகு சுவரில் இடிக்கும். அந்த கேமராவுக்கு 35 எம்.எம் நல்லது.

தூரத்துக்கு ஒரு லென்ஸ்

வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டுவது ஏரிக்குள் நிற்கும் மரங்களில். நாம் நிற்பது கரையில். 50 எம்.எம்-ல் அவை வெறும் வெள்ளைப் புள்ளிகள். வேறு இடங்களில் 'கொஞ்சம் கிட்டே போகலாமே' என்று தோன்றும். போனால், தாய்ப்பறவை எழுந்து பறக்கும். முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் திறந்து கிடக்கும். ஒரு படத்துக்காக ஒரு கூடே போய்விடலாம். டெலிபோட்டோ காசு வாங்கிக்கொண்டு தருவது, கிட்டே போகாமல் இருக்கும் வசதியை.

அதற்கும் எல்லை உண்டு. உச்சிவெயிலில் தரையிலிருந்து அலையும் சூட்டுக்காற்று, எவ்வளவு விலையுள்ள லென்ஸின் கூர்மையையும் கலைத்துவிடும். அதிகாலையில் போனால் வெளிச்சம் குறைவு. பறக்கும் பறவையை உறையவைக்க 1/2000 நொடியாவது வேண்டும். ஆக, 600 எம்.எம் வாங்கிவிட்டால் மட்டும் படம் வந்துவிடாது. நேரம், பொறுமை, பெட்ரோல் செலவு எல்லாம் சேர்ந்துதான் அந்த லென்ஸ்.

மனிதர்கள் விஷயத்தில் கணக்கு தலைகீழ். சந்தையில் பூ கட்டும் அம்மாவை 600 எம்.எம்-ல் ஒளிந்திருந்து எடுப்பது, அவருக்குத் தெரியாமல் அவரிடமிருந்து ஒன்றை எடுப்பது. 50 எம்.எம் என்றால் இரண்டடி முன்னே போக வேண்டும். "அம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்குக் கிடைக்கிறது.

பர்ஸ் என்ன சொல்கிறது?

600 எம்.எம் வரை போகும் லென்ஸ்கள் பெரும்பாலும் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். எஃப்/1.8 பிரைம் அதில் ஒரு சிறு பங்குதான். பிறந்தநாள், வளைகாப்பு என்று அழைத்து 50 எம்.எம்-முக்குக் கூலி தர ஆள் இருக்கிறது. மீன்கொத்தி கூலி தராது! இ.எம்.ஐ மட்டும் மாதாமாதம் வரும்.

வாங்கும் முன் போன் கேலரியைத் திறந்து கடைசி 200 படங்களைப் பாருங்கள். வெளிச்சம் போதாமல் கெட்டுப்போன முகங்கள் அதிகமா? பிரைம் வாங்குங்கள். ஜூம் செய்து பிய்ந்துபோன பறவைகள் அதிகமா? அப்போதும் டெலிபோட்டோவை மூன்று வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மூன்றாவது ஞாயிறும் விடியலுக்கு முன் எழுந்து, இரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனீர்கள் என்றால், தைரியமாக வாங்கலாம். எழவில்லையா? ஒரு பைனாகுலர் போதும். தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளக்கூட கேமரா தேவையில்லை.

உங்கள் கேலரி எந்தப் பக்கம் சாய்கிறது?